ஜோத்தாம் டார்பெல்லின் முதுகில் விழுந்த அம்புக்குறி

ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றாம் ஆண்டு மார்ச் மாதம், பனி இன்னும் உருகாத ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஜோத்தாம் டார்பெல்லின் முதுகில் அரசரின் அம்புக்குறி விழுந்தது. கோடரியால் மூன்று வெட்டு, காகத்தின் கால்தடம் போல. இரத்தம் வரவில்லை, சட்டையும் கிழியவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் காடுகளில் அதுவரை வெள்ளைப் பைன் மரங்களின் மேல்தான் அந்தக் குறி இருந்தது. பன்னிரண்டு அங்குலக் குறுக்களவைத் தாண்டிய பைன், யாருடைய நிலத்தில் நின்றாலும், கடற்படைக் கப்பல்களின் பாய்மரக் கம்பத்துக்காக அரசருக்கு உரியது. வெட்டியவனுக்குத் தண்டம். அதனால்தான் எங்கள் ஊரில் எந்த வீட்டின் தரைப்பலகையும் பதினொன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேல் அகலம் இருக்காது. அகலப் பலகையின் ஓரத்தைச் சீவி ஒடுக்குவது எங்கள் ஆண்களுக்குக் கைவந்த வேலை.

வியாழக்கிழமை அரசரின் மர அதிகாரி வந்தார். ஜோத்தாமைக் களஞ்சியத்தின் முன் நிறுத்தி நூல் பிடித்து அளந்தார். மார்புச் சுற்றளவு நாற்பது அங்குலம். அதாவது குறுக்களவு பன்னிரண்டேமுக்கால். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஜோத்தாமின் மனைவி கெசியாவிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"முக்கால் அங்குலம் கூடிப்போச்சும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"நாலு பிள்ளைங்க இருக்குங்க அவருக்கு."

"பைனுக்கும்தான் கன்னு இருக்கு. சட்டம் அதையெல்லாம் கேக்குதா?"

கப்பல்காரர்கள் கேட்கும்வரை ஜோத்தாம் வீட்டிலேயே இருக்கலாம், ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மே மாதத்தில் கெசியா ஜோத்தாமின் தலைமுடியை வெட்டிவிட்டதற்குத் தனியாகத் தண்டம் விதித்தார்கள்.

கோடைக்குள் மேலும் நால்வரின் முதுகில் குறி விழுந்தது. நால்வரும் நிமிர்ந்து நடப்பவர்கள். கூனர்கள்மேல் அது விழவில்லை என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. ஆகஸ்டில் தேவாலயத்துக்கு, ஜோத்தாம் தவிர, அந்த நால்வர் உட்பட எல்லோரும் தரையைப் பார்த்தபடியே வந்தார்கள். சில வீடுகளில் பிள்ளைகளின் கழுத்தில் ஈரமணல் பையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு சிறுமிக்கு அந்தக் கழுத்து பிறகு நிமிரவேயில்லை. அவளுடைய தந்தை அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் குனிந்தவன் ஜோத்தாமின் தம்பி அசாஹேல். அதை நான் மறைக்கப் போவதில்லை. அறுவடைக்குள் அவன் மூக்கு முழங்காலைத் தொட்டது.

"அண்ணே, எடுக்க வர்றவன் வளைஞ்சதைத் தொடமாட்டான். கொஞ்சம் கூனிக்கோ."

"நீயே ரெண்டு பேருக்கும் சேத்துக் கூனிட்டியேடா."

கெசியாவும் கேட்டாள். "கதிர் அறுக்கக் குனியுறீங்கல்ல? அவங்க வர்ற அன்னைக்கு ஒருநாள் அப்படி நின்னா என்னங்க?"

"கதிருக்கு நானாத்தான் குனியுறேன், கெசியா."

ஜோத்தாம் மனிதரா மரமா என்ற வழக்கு கடற்படை நீதிமன்றத்தில் நடந்தது. அங்கே ஜூரி கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அவர் மனிதர் என்று கால்மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள். ஒற்றை நீதிபதி அவர் மரம் என்று அதே கால்மணி நேரத்தில் சொன்னார். அப்போதும் ஊரில் யாரும் அரசரைக் குறை சொல்லவில்லை. நடுவில் இருப்பவர்கள் செய்யும் அநியாயம் இது, அரசருக்குத் தெரியாது என்றே நம்பினார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச ஒரு ஆள்கூட இல்லாததால், போதகர் எலிஃபலெட் ஒரு விண்ணப்பம் எழுதினார். எங்கள் வழக்கப்படி அதில் ஆளின் அடையாளத்தை முழுமையாகச் சேர்த்தார்: உயரம் ஆறடி ஐந்து அங்குலம், மார்பு நாற்பது, எலும்பில் முறிவு இல்லை, மூன்று ஊர்களில் இவரைப் போல் நெடிய ஆள் இல்லை. குடும்பத்துக்கு அவர் எவ்வளவு அவசியம் என்று காட்டத்தான் அப்படி எழுதினார். கீழே அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள்.

பதினான்கு மாதம் கழித்து அரசரின் முத்திரையோடு பதில் வந்தது. விவரங்கள் திருப்தியாக இருப்பதாகவும், ஊரார் மனமுவந்து அளித்த பரிசுக்கு அரசர் நன்றி சொல்வதாகவும் அதில் எழுதியிருந்தது. போதகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு வருடம் அவர் எந்தக் காகிதத்தையும் கையால் தொடவில்லை.

ஜனவரியில் பதினாறு ஜோடி எருதுகள் வந்தன. ஜோத்தாமைச் சறுக்குவண்டியில் கிடத்திச் சங்கிலியால் கட்டினார்கள். கெசியா இரண்டு நாள் வண்டியின் பின்னால் நடந்தாள். துறைமுகத்தில் மற்றக் கம்பங்களோடு அவரையும் உப்புநீர்க் குளத்தில் ஊறப்போட்டார்கள். இரண்டு குளிர்காலத்தில் அவர் தொண்ணூறு அடி நீண்டார்.

அவரைக் கொண்டுபோன வாரமே, எங்கள் ஆண்கள் விடியற்காலையில் சத்திரத்துக்குப் போய், மர அதிகாரியைப் படுக்கையிலிருந்து இழுத்து, பைன் விளாறுகளால் தோல் உரியும்வரை அடித்தார்கள். அவருடைய குதிரைகளின் காதுகளை அறுத்தார்கள். குதிரைகள் என்ன பாவம் செய்தன என்று யாரும் கேட்கவில்லை. அரசர் தெரியாமல் தவறு செய்தார் என்று இனி சொல்ல வழியில்லை. தெரிந்துதான் நன்றி சொல்லியிருக்கிறார். முத்திரை வரி, தேயிலை வரி என்று மற்ற ஊர்கள் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். அரசரே வேண்டாம், சுதந்திரம் வேண்டும் என்று எங்கள் ஊர் சொன்னது துணிச்சலால் அல்ல, முதுகுவலியால்.

எழுபத்தைந்து அக்டோபரில் துறைமுகத்தைக் கொளுத்த ஒரு போர்க்கப்பல் வந்தது. அதன் நடுக்கம்பம் ஜோத்தாம். மேல் குறுக்குச்சட்டத்துக்கு அடியில் அவருடைய முகம் இருந்தது. டார்பெல் மூக்கை யாரும் தவறவிட முடியாது. கரையில் எங்கள் தரப்பில் ஒரே ஒரு பீரங்கி. அதன் பின்னால் அசாஹேல் நின்றான்.

"அசாஹேலா அது?" என்றார் ஜோத்தாம், தண்ணீருக்கு மேலாக. "இப்படிக் குனிஞ்சுகிட்டு எப்படிடா குறி பாக்குற?"

"குனிஞ்சாத்தான் அண்ணே தெரியுது."

"அப்போ ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளு. இடுப்புக்குக் கீழ அடி. மேல அடிச்சா கப்பல் தப்பிச்சிடும்."

"அண்ணி பாத்துக்கிட்டு நிக்கிறாங்கண்ணே."

"அவளையே தீ வைக்கச் சொல்லேன். உன்னை மாதிரி அவ தயங்கமாட்டா."

அசாஹேல்தான் தீ வைத்தான். மூன்றாவது குண்டு சொன்ன இடத்தில் பட்டது. கம்பம் முறிந்த கப்பல் பாறையில் மோதியது. முப்பத்தொரு மாலுமிகள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், மூழ்கினார்கள். அவர்கள் கூப்பிடவும் செய்தார்கள். கரையில் இருந்தவர்களிடம் கயிறு இருந்தது. யாரும் வீசவில்லை.

அடுத்தநாள் அலை ஜோத்தாமைக் கரை சேர்த்தது. எழுபது அடி மிச்சம், உயிரும் இருந்தது. கெசியா எருதுகளோடு போனாள். அதற்குள் ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. திடலில் நடுவதற்குச் சுதந்திரக் கம்பம் ஒன்று தேவைப்பட்டது, இதைவிடப் பொருத்தமான மரம் வேறு கிடையாது என்று தலைவர் சொன்னார். நாற்பத்தெட்டு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று அசாஹேலுடையது. பெண் என்பதால் கெசியாவுக்குக் கை தூக்கும் உரிமை இல்லை.

"அவரை வீட்டுக்குக் கொண்டுபோகணும்," என்றாள்.

"அரசன் கேக்காம எடுத்தான்மா," என்றார் தலைவர். "நாங்க கேட்டுட்டுத்தானே எடுக்குறோம்."

"யாரக் கேட்டீங்க?"

"ஊர."

திடலில் ஆறடிக் குழி தோண்டி அவரை நட்டு, உச்சியில் கொடி கட்டினார்கள். கெசியா இருபத்தொன்பது வருடம், ஞாயிறு தவிர, தினமும் ஏணி வைத்து ஏறி அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். பனிக்காலத்தில் இமையிலிருந்த பனிக்கட்டியைச் சுரண்டினாள். ஜூலை மாதச் சுதந்திர விழாக்களில், சொற்பொழிவுகள் நீளும்போது, கம்பம் அழுகிறது என்று சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய். டார்பெல்கள் அழுவதில்லை. வெயில் ஏறினால் எந்தப் பைனிலும் பிசின் வடியும்.