டிக் போட்ட பெயர்

வருடத்தில் பதினோரு மாதம் எங்கள் விழாத் தகவல் அலுவலகத்தை யாரும் சீண்டமாட்டார்கள். விழா மாதம் வந்துவிட்டால் தொலைபேசியைக் கீழே வைக்க நேரமிருக்காது. ஐந்து நாள் வீதி நாடக விழா. அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ இந்த நகரத்துக்குக் கிளம்பி வருகிறார்கள். எந்த நாள் கூட்டம் குறைவு, எங்கே தங்கலாம், நாயைக் கூட்டிவரலாமா என்று கேட்பார்கள். மழை பெய்யுமா என்றுகூடக் கேட்பார்கள், மழைக்கும் நான்தான் பொறுப்பு என்பதுபோல. பதினான்கு வருடமாகப் பதில் சொல்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலைவரை வாய் ஓயாது.

என் மகனும் விழாவுக்கு வருகிறவன்தான். வேலை, கல்யாணம் எல்லாம் தூரத்து ஊரில் அமைந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை மருமகளோடு வருவான். விழா நடக்கும் சதுக்கத்தைப் பார்த்த ஓட்டலில் ஜன்னல் வைத்த அறை. கிளம்பும்போதே அடுத்த வருடத்துக்கும் சொல்லிவிட்டுப் போவான். என் வீடு அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள் மதியம் மட்டும் சாப்பிட வருவார்கள். இரண்டரைக்கெல்லாம் மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள், நாலு மணி நாடகத்துக்கு. அவளைக் குறை சொல்லவில்லை. நாடகம் நன்றாகத்தான் இருக்கும்.

போன வருடம் விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சதுக்கத்துப் பழைய அரங்கின் முன்சுவர் விரிசல் விட்டது. சதுக்கத்தையே மூடிவிட்டார்கள். விழா ரத்து. இருக்கை பதிவு செய்தவர்களின் பட்டியலை ரேடியோவும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்து, பெயருக்கு நேரே சிவப்பில் டிக் போடவேண்டும். திட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துப்போனது.

என் பாதியில் நாற்பத்தேழாவதாக மகன் பெயர் இருந்தது. எண்ணைப் பாதிவரை அழுத்தினேன். பிறகு வைத்துவிட்டு டிக் போட்டேன்.

அவன் வேறெங்கும் விசாரிக்கமாட்டான். "நீ அங்கேயே உக்காந்திருக்கும்போது நான் எதுக்கும்மா தேடணும்" என்பான். விழா இல்லாவிட்டால் ஐந்து நாளும் எங்கே போவான், வீட்டுக்குத்தானே வருவான் என்று கணக்குப் போட்டேன். அந்த ஐந்து நாளுக்கும் விடுப்பு எடுத்தேன். இரண்டு புது மெத்தை வாங்கினேன். செய்வது தப்பு என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு நாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

வந்து இறங்கியவர்கள் சதுக்கத்தைச் சுற்றித் தகரம் அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். ரேடியோ பட்டியலை எடுத்துக் காட்டியிருக்கிறார். "உங்களுக்குச் சொல்லியாச்சே சார், டிக் இருக்கு பாருங்க." என் மகனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேனே அம்மா."

"அதான்பா சொல்லல."

அவனுக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே சுவரோரம் சுருட்டி வைத்திருந்த மெத்தைகளைப் பார்த்தான். "அவ ஓட்டல்ல தனியா இருக்கா" என்றான். சாப்பிட்டுவிட்டாவது போ என்றேன். ஒரு வாய் சாப்பிட்டான், எனக்காக. மறுநாள் காலை ரயிலில் இருவரும் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் எனக்கு ஒருத்திக்கு மட்டும் சமைத்தேன்.

இந்த வருடம் சுவரைச் சரிசெய்துவிட்டார்கள். விழா உண்டு. நேற்று அலுவலக எண்ணுக்கு அவன் கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன்.

"அம்மா, விழா உறுதிதானா?"

"உறுதிதான்பா. பதினெட்டாம் தேதி ஆரம்பம்."



"பக்கத்துல வேற யாராவது இருந்தா போனைக் குடும்மா."

ரேடியோவிடம் நீட்டினேன். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனுஷன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா சார், நடக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட வருவார்களா என்று கேட்கலாமென்று நான் கையை நீட்டினேன்.

"வச்சுட்டாரு அக்கா" என்றார்.