வயிற்றுப் படம் எடுக்கும் வண்டி

அறுவை அறை வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஹருயேவுக்கு இடுப்பு மரத்துப்போயிற்று. குஷிரோ துறைமுகத்து மீன் ஆலையில் நாள் முழுக்க நின்றபடி மீன் வயிற்றைக் கீறிச் சினை எடுக்கிறவள் அவள். சும்மா உட்காருவதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

உள்ளே கிடப்பது அவள் புருஷன் தோகிஜி. அதே ஆலையில் தினக்கூலிக்கு ஐஸ் பெட்டி தூக்குகிறவன். வயிற்றில் புண் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். புற்று என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அங்கெல்லாம் நோயாளி காதில் அந்தப் பேச்சைப் போடுவதில்லை.

டாக்டர் நுமாதா கையில் தட்டோடு வெளியே வந்தார். வெட்டி எடுத்ததை வீட்டாரிடம் காட்டிவிடுவது வழக்கம். துணியை விலக்கினார். மீன் வயிற்றைக் கீறச் சற்றும் அஞ்சாத ஹருயேவின் கை, தாவிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. காலையில் அவளைக் கேலி பேசிவிட்டுப் போன மனுஷனின் இரைப்பை அது.

டாக்டர் ஒட்டியிருந்த கொழுப்பை இடுக்கியால் அழுத்திக் காட்டினார். பயறு பயறாக நெறிக்கட்டிகள். சில அமுங்கின. பல கல்லாக நின்றன.

“இரைப்பையை மட்டும் எடுத்தாப் பத்தாதும்மா. சுத்தியிருக்கிற நெறியையும் சேத்து வழிச்சாத்தான் ஆள் தங்குவாரு. முடிஞ்சவரைக்கும் வழிச்சுட்டேன். ஆனா நெறிக்கு நல்லாவே பரவிடுச்சு.”

“பொழைச்சுக்குவாரா?”

“அஞ்சு வருஷம் தாண்டிட்டா பொழைச்ச மாதிரி. இந்த நிலைமையில பாதிப் பேர்கூடத் தாண்டுறதில்ல.”

பிறகு அவரே கேட்டார், வயிற்றை எக்ஸ்ரே படம் எடுக்கும் வண்டி வருஷாவருஷம் ஆலைக்கு வருமே, அதில் பார்த்திருந்தால் நெறிக்குப் போகுமுன்பே எடுத்திருக்கலாமே என்று.

வண்டி வரத்தான் செய்தது. நிரந்தர ஆட்கள் வரிசையாக ஏறி இறங்குவார்கள். தினக்கூலிகளுக்கு அதில் இடமில்லை. வண்டி வந்து நிற்க முற்றத்துப் பனியை வாரி வழிவிடுகிறவன் தோகிஜிதான்.

மறுநாள் மூக்கில் குழாயோடு தோகிஜி கண் விழித்தான். புண்ணை எடுத்தாயிற்றா என்று கேட்டான்.

“எடுத்தாச்சுங்க. வெறும் புண்ணுதான்.”

அவன் முகம் தெளிந்தது.

“அப்போ மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவை. அடுத்த மாசம் படம் எடுக்கிற வண்டி வருதில்ல, பனி வார நானே வந்துடுறேன். வேற ஆளைப் போட்டுடப்போறாரு.”

சொல்கிறேன் என்று தலையாட்டினாள் ஹருயே. போர்வைக்கு வெளியே கிடந்த அவன் உள்ளங்கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது.