வெரு

அண்ணன் அப்பாவின் காலைத் தூக்கிப் பிடித்திருக்க, அவருக்கு அடியில் கிடந்த ஈர விரிப்பை அவள் உருவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார்.

"வெருவுது."

"என்னப்பா? தண்ணி வேணுமா?"

"வெருவுதுடா."

அண்ணன் அவளைப் பார்த்தான். மீசை அரும்பும் முன்பே லாரி ஏறிப் போனவன் அவன். அந்த வார்த்தை அவனுக்கு மறந்திருந்தது. "என்ன சொல்றாரு?"

"பயமா இருக்காம்," என்றாள். சொன்னவுடனே அது சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"எதுக்குப்பா பயம்? நாங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல?" என்று அண்ணன் ஊருக்கே கேட்கும்படி சொன்னான். பயந்தால் அவனுக்குக் குரல் உயரும், பாவம்.

அப்பா வேலை பார்த்தது அறுப்புக்கூடத்தில். கத்தி பிடிக்கிற ஆள் வேறு. மாட்டை அழைத்துவந்து நிறுத்துவது அப்பா. அந்தப் பழைய வார்த்தையை எங்கிருந்தோ கூடவே கொண்டுவந்திருந்தார். கூடத்தில் எல்லோரும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். பயந்த மாடு முட்டும், ஓடப் பார்க்கும், கயிற்றை அறுக்கும். வெருவின மாடு ஒன்றும் செய்யாது. நின்ற இடத்தில் நிற்கும். ஈ மொய்த்தது போலத் தோல் மட்டும் துடிக்கும், கண்ணில் வெள்ளை தெரியும். இனிப் போக இடமில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெருவின மாட்டின் கறி கறுத்துவிடும். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதனால் அப்பா ஒரு உள்ளங்கையை அதன் கண்ணின் மேல் வைப்பார், இன்னொரு கையைக் காதுக்குப் பின்னால். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல." மாடு மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தும். அப்பா கத்தியோடு நிற்பவருக்குத் தலையசைப்பார். சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் நின்று அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

ஒருமுறை அம்மா, "இந்தப் புள்ள இருட்டைக் கண்டா வெருவுது," என்று சொல்லப்போக, அப்பாவுக்கு வந்ததே கோபம். "மனுஷங்களுக்கு அதைச் சொல்லாத. மனுஷனுக்குப் பயம்தான். ஓடலாம், கத்தலாம், நாலு பேரைக் கூப்பிடலாம்."

"வந்துட்டாருய்யா வாத்தியாரு," என்றாள் அம்மா. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த வார்த்தை மனிதர்களுக்கு வந்ததில்லை.

இப்போது அப்பாவின் மார்புத் தோல் துடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தான். "போட வேண்டிய ஊசியெல்லாம் போட்டாச்சாம். பக்கத்துல இருங்கன்னாரு."

அப்பா பிழைப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அதற்கெல்லாம் அழுது முடித்தாயிற்று. இந்த வார்த்தையோடு அவர் போகக்கூடாது, அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது. இதற்கு அவள் கண்ட வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான். யோசிக்கும் முன்பே கை போய்விட்டது. இடது உள்ளங்கையை அவர் கண்களின் மேல் வைத்தாள், வலது கையைக் காதுக்குப் பின்னால் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. ஒண்ணுமில்ல."

தோலின் துடிப்பு நின்றது. அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

பிறகு உள்ளங்கைக்கு அடியில் இமைகள் படபடத்தன. கரண்டியைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்த அவர் கை மேலே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம்மா. கையை எடு."

"அப்பா..."

"அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்ல."

அவள் எடுத்துவிட்டாள். அவர் மணிக்கட்டை விடவில்லை. வெள்ளை தெரிய அவளையே பார்த்தார்.

"நான்தாம்ப்பா."

"தெரியுது," என்றார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் தேடினாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதலெல்லாம் அந்தக் கூடத்திலிருந்து வந்தவை. கையை அவர் பிடியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சாயும்போது அவர் பிடி தளர்ந்தது. கண் மட்டும் அப்படியே திறந்திருந்தது.

அண்ணன் வாய்விட்டு அழுதான். மூக்கைச் சிந்திவிட்டு வந்து, "கண்ணை மூடி விடும்மா," என்றான்.

"நீ மூடு."

"என்னால முடியலம்மா. சும்மா இப்படி வச்சு எடுத்தாப் போதும்."

அவள் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அவருடைய விரல்கள் பதிந்த சிவப்பு இன்னும் மாறவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ஜன்னல் வெயில் கட்டிலின் மேல் ஏறி அப்பாவின் தாடை வரை வந்திருந்தது. திரையைக் காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தாள், இன்னும் காயவில்லை. அவள் எழுந்து, தன் நிழல் அவர் முகத்தில் விழும்படி ஜன்னலை மறைத்து நின்றுகொண்டாள்.