படுக்கையறையில் ஒரு பாதிரியார்

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி நகரமே வீடு மாறும். கொண்டுபோக மனமில்லாதவற்றை நடைபாதையில் விட்டுவிடுவார்கள்: மெத்தை, அலமாரி, சில சமயம் கணவன். 1995இல் வணக்கத்துக்குரிய எலிஸ் பிரிச்சர்ட் எங்கள் லாசால் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். எண்ணெய் வர்ண ஓவியமாக வந்தார். கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, முதுகுக்குப் பின்னால் மழையில் இருண்ட வேல்ஸ் நாட்டு மலை. எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்க்கும் கண்கள். சட்டத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பெயரும் 1861 என்ற ஆண்டும். சிரிப்பு மட்டும் எங்கும் இல்லை.

தூக்கி வந்தவர் என் அண்ணன் தியாகராசா. அவருக்குத் தேவைப்பட்டது பொன்னிறச் சட்டம் மட்டும்தான். அண்ணி புஷ்பவதி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. முதற்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கதவைக்கூட யாரும் சத்தமாகச் சாத்துவதில்லை. கண்விழித்ததும் தாய் பார்க்கிற முகம்தான் பிள்ளைக்கு வரும் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். பாதிரியாரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெண்ணெய் தின்னும் கிருஷ்ணரைச் சட்டத்துக்குள் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டுவது திட்டம். அளவு பார்க்க முதலில் பாதிரியாரையே மாட்டினார்.

மறுநாள் கிருஷ்ணரோடு வந்தபோது அண்ணி சொன்னார்:

"உவர் இருக்கட்டும்."

"பிள்ளைக்கு உந்த மூஞ்சை வந்தா?"

"வரட்டும்."

மேல்மாடி யோகராணி அக்கா அறை வாசலோடு நின்றுவிட்டார். "என்ன புஷ்பம், செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறார். பிள்ளைத்தாச்சியின்ரை அறையிலை ஆரும் உந்தப் படத்தை வைப்பினமோ?"

குளிர்காலம் வந்ததும் அந்த அறை மட்டும் சூடேற மறுத்தது. நான் கல்லூரியில் பௌதிகம் படிப்பவன். ஜன்னல் இடுக்கால் காற்று வருகிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன். விளக்கிய பிறகு அந்த அறைக்குள் நான் தனியாகப் போகவில்லை.

அண்ணிக்கு எட்டாம் மாதம் தொடங்கிய அன்று அண்ணன் பொறுக்கமாட்டாமல் கதிரையில் ஏறினார்.

"கழட்டப்போறன்."

அண்ணி சத்தம் போடவில்லை. "போன முறை எட்டு மாசமும் கிருஷ்ணரைத்தான் பாத்தனான். அவர் சிரிச்சுக்கொண்டே இருந்தார். வந்தது வந்து, எடுத்துக்கொண்டு போயிட்டுது. இவரைப் பாருங்கோ. இவரைத் தாண்டி ஏதும் உள்ளுக்கு வருமோ?"

அண்ணன் கதிரையில் நின்றபடியே பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியாரும் பார்த்தார்.

"தம்பி, சுத்தியலைத் தா," என்றார் அண்ணன். இன்னோர் ஆணி அடித்தார்.

ஜனவரியில் அண்ணியைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"பிள்ளையின்ரை இதயத்துடிப்பு குறையுதாம்," என்றார் அண்ணன். "அண்ணி பாதிரியாரைக் கேக்கிறா."

"எந்தப் பாதிரியார் அண்ணை?"

"எங்கடை ஆள்தான். கெதியா வா."

பாதிரியாரைக் கழற்றிப் படுக்கை விரிப்பில் சுற்றி, அங்ரிஞோன் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். வழியில் விரிப்பு முகத்திலிருந்து நழுவியது. நெரிசலான பெட்டியில் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது.

பிரசவப் பகுதியில் தாதி தடுத்தார். குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதியாம்.

"பிள்ளையின் மாமா," என்று பாதிரியாரைக் காட்டினேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

தாதி அவரைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

ஆனால் அறைக்குள் விடவில்லை. அண்ணன் அவரை வாசலில் ஒரு கதிரையில் இருத்தி, முகத்தைத் தாழ்வாரத்தின் பக்கம் திருப்பிவைத்தார். நாங்கள் பின்னால் நின்றோம்.

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. காலடி மட்டும் கேட்டது. அவசரப்படாத, வழி தெரிந்த காலடி. ஏற்கெனவே ஒருமுறை வந்துபோனவர் நடப்பதுபோல இருந்தது. வளைவுவரை வந்து நின்றது. அண்ணனின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அது நெடுநேரம் நின்றது. பிறகு திரும்பிப் போனது.

உள்ளே பிள்ளை அழுதது.