எந்த வரியில்

விடை வந்தேவிட்டது. அவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, வந்துடுச்சுப்பா!" என்று கட்டில் பக்கம் திரும்பினாள்.

அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்கவில்லை.

மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது அம்மா ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தாள். "மூச்சைப் பாத்துக்கிட்டே இரு. மாறுச்சுன்னா பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு மடியில் கிடந்த நோட்டு இழுத்துக்கொண்டது.

பத்தாம் வகுப்புக் கணக்கையெல்லாம் பள்ளி திறந்த இரண்டே மாதத்தில் முடித்துவிட்டவள். அதன்பின் வகுப்பில் கொட்டாவிதான். கோளத்தின் கன அளவுக்கு 4/3 πr³ என்று ஒரு சூத்திரம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். "பரீட்சைக்கு வராது, மனப்பாடம் பண்ணு" என்றார் வாத்தியார். ரோஷம் வந்துவிட்டது. நூலகத்தில் யாரும் தொடாத கால்குலஸ் புத்தகத்தை எடுத்துவந்து தானே முட்டி மோதினாள். கோளத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவி அத்தனையையும் கூட்ட வேண்டும். மூன்று நாளாக நாலுக்குப் பதில் எட்டு வந்து கழுத்தறுத்தது. இரண்டாவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தது இன்றுதான் கண்ணில் பட்டது.

பெயிண்ட் அடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "என்னடி, பக்கம் பூரா பாம்பா நெளியுது?" என்பார்.

அம்மா வந்தாள். அவரைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை, மகளைப் பார்த்தாள்.

"எப்போடி?"

"இப்பதான்மா. தண்ணி கேட்டாரு. குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

அதற்குப் பிறகுதான் அம்மா உடைந்து அழுதாள்.

பொய்க்குக் கால் முளைத்தது. மறுநாள் காலையில் பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணு கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போனான். குடுத்து வச்சவன்" என்றார். ஆளாளுக்கு அவள் தலையைத் தடவினார்கள். கணக்கு வாத்தியாரும் வந்து, "பாடத்தைப் பத்திக் கவலைப்படாதம்மா. வகுப்புல இன்னும் அதே பாடத்துலதான் நிக்கிறோம்" என்றார்.

அடக்கம் முடிந்து வீடு காலியானதும் அலமாரிக்குப் பின்னால் நின்று நோட்டைப் பிரித்தாள். பதினோரு வரிகள். எந்த வரியில் அப்பா போனார்? குறியைக் கண்டுபிடித்தபோதா? வில்லைகளைக் கூட்டியபோதா? ஆறாவது வரியில் எழுத்து கும்மாளம் போட்டது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்த வருடத்தில் வந்ததேயில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து சமையலறைக்குப் போனாள். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து பல்லில் ஒன்றும் படாதவள், தட்டில் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா நிமிர்ந்தாள். "எவ்வளவு குடிச்சாருடி?"

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"அரை டம்ளர்ம்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். பிறகு தட்டை இருவருக்கும் நடுவே தள்ளினாள். "உக்காரு."

அவள் உட்கார்ந்து, தட்டின் இந்தப் பக்க ஓரத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினாள்.