கட்டிலருகே வந்த காலடி

படத்தில் ஒருவர் நடந்தாலும், கதவைச் சாத்தினாலும், அந்தச் சத்தத்தைப் பிறகு ஸ்டுடியோவில் தனியாகச் செய்து சேர்ப்பார்கள். அதைச் செய்து கொடுப்பதுதான் அவள் வேலை. அதனால் அங்கே அவளுக்குப் பெயரே 'சத்தம்'தான். "சத்தம் வந்தாச்சா?" என்று டைரக்டர் கேட்பார். "வந்தாச்சு, அமைதியா உட்கார்ந்திருக்கா" என்பார் எல்லாச் சத்தத்தையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் அண்ணன்.

அந்த மாதம் ஒரு பேய்ப்படம். வெளியாகும் தேதியை முன்னால் இழுத்துவிட்டதால் விடிய விடிய வேலை. சத்தம் காலையில் வீடு திரும்பி, குளித்து, கையில் கிடைத்ததைச் சாப்பிட்டு, மதியம்தான் படுப்பாள். தூக்கம் துண்டு துண்டாக வந்தது.

அப்படி ஒரு மதியம் கண் விழித்தாள். மல்லாக்கப் படுத்திருந்தாள். திரைச்சீலையில் வெயில். நாற்காலியில் கணவனின் நீலச் சட்டை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. போர்வையை விலக்கலாம் என்று கையைத் தூக்கினாள். கை வரவில்லை. கால், கழுத்து, எதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

காதுக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பியது. நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். கதவுப் பக்கமிருந்து காலடி கேட்டது. ஈரக்கால். நிதானமாக நடந்து வந்து தலைமாட்டில் நின்றது. அவள் கத்தினாள். தொண்டையைத் தாண்டி மூச்சுக்கூட வெளியே வரவில்லை. பிறகு சட்டென்று எல்லாம் விட்டுப்போய், வேர்த்து வழிய எழுந்து உட்கார்ந்தாள். அறையில் ஆளே இல்லை.

சாயங்காலம் கணவன் வேலை முடிந்து வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"தூக்கத்துல அமுக்கற பேய், அமுக்குவான்னு சொல்வாங்களே, அதுவா? படத்துல இருந்தது உன் கூடவே பஸ் ஏறி வந்துருச்சு போல" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். "இரு, என் தங்கச்சியக் கூப்பிடறேன். அவளுக்கு இதுதான பொழப்பு."

நாத்தனார் ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். தூங்க வருபவர்கள் தலையில் ஒயர் ஒட்டி, அவர்கள் மூளை என்ன செய்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, இதுக்குப் போய் பயந்தீங்களா? கனவு வர்ற தூக்கத்துல மூளை உடம்பைப் பூட்டி வெச்சிடும். இல்லன்னா கனவுல ஓடறப்ப நிஜமாவே எழுந்து ஓடி சுவத்துல முட்டிக்குவோம். சில சமயம் நமக்கு முழிப்பு வந்துடும், பூட்டு மட்டும் இன்னும் திறந்திருக்காது. கனவும் பாதி ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப நீங்க பார்த்த ரூம் நிஜம், வந்த ஆள் கனவு."

"நெஞ்சுல உட்கார்ந்தது?"

"மூச்சு நிக்கவே நிக்காது. தூக்கத்துல அது மேலோட்டமா ஓடும். நீங்க வேணும்னு இழுக்கப் பார்க்கறீங்க, நெஞ்சுத் தசை கேக்க மாட்டேங்குது. யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு மூளை கதை கட்டிடுது. அந்த நேரத்துல பயமும் உச்சத்துல இருக்கும். தூக்கம் கெட்டவங்களுக்கும், நேரம் மாத்தி மாத்தித் தூங்கறவங்களுக்கும் இது அதிகம் வரும். மல்லாக்கப் படுத்தா அதுக்கு இன்னும் வசதி."

"ஆனா அந்தக் காலடி அவ்வளவு தெளிவா இருந்துச்சு."

"எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

சத்தம் தொழில் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "மெதுவான நடை. ஈரம். சொரசொரப்பான சிமெண்ட் தரை..."

கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். வீடு முழுக்க வழவழப்பான டைல்ஸ்.

"இந்தத் தரையில ஈரக்கால் வெச்சா பச்சுனு ஒட்டும். நான் கேட்டது இந்த வீட்டுச் சத்தமே இல்ல." அவள் எழுந்துவிட்டாள். "மூணாவது அடியில துணி லேசா வழுக்குச்சு."

"என்ன துணி?" என்றான் கணவன்.

"என் கால்ல சுத்தியிருந்த துண்டு."

போன வாரம் பேய் நடக்கும் காட்சிக்கு நனைத்த துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு, ஸ்டுடியோவின் சிமெண்ட் பலகை மேல் நடந்தது அவள்தான். மூன்றாவது அடி வழுக்கியது. டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அப்படியே வைக்கச் சொல்லிவிட்டார். அதே நடை, அதே வழுக்கல், இப்போது அவள் கட்டில் வரை வந்திருக்கிறது.

"நான்தான் அது. என்னைப் பயமுறுத்த நானே நடந்து வந்திருக்கேன்" என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள்.

"பேய் நீதானா? அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றான் கணவன். அடிக்கக் கை ஓங்கியவள் அதற்குக்கூட நிற்கவில்லை.

"மறுபடி வருமா? அந்த ரீங்காரத்த நான் ஒழுங்கா கேக்கவே இல்ல."

"வேணும்னே தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க அண்ணி. தானா வந்தா வரட்டும். வந்தா முண்டாதீங்க, கால் விரலை மட்டும் அசைச்சுப் பாருங்க. அது அசைஞ்சா பல பேருக்கு மொத்தமும் விட்டுடும்."

அதற்குப் பிறகு பல மதியங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அடித்துப்போட்ட மாதிரி தூங்கி எழுந்து, "இன்னிக்கும் வரல" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். கடைசி ரீல் வேலை அவளைப் பிழிந்தெடுத்த பிறகு ஒரு மதியம் அது வந்தது.

பயம் இல்லாமல் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் பயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓர் ஆசை முன்னால் வந்து நின்றது. ரீங்காரத்தைக் கேட்டாள். முதலில் பழைய ஃப்ரிட்ஜ் மோட்டார் மாதிரி அடியில் ஒரு உறுமல்; அதன் மேல், தட்டின் விளிம்பு அதிர்வது போல மெல்லிய ஓசை. காலடி கிளம்பியது. மூன்றாவது அடி வழுக்கியது. சிரிப்பு பொங்கியது, உதடுதான் ஒத்துழைக்கவில்லை. 'வாம்மா, வா' என்று மனசுக்குள் கூப்பிட்டாள். காலடி பக்கத்தில் வந்ததும் கால் கட்டைவிரலை அசைக்க நினைத்தாள். மறுபடி நினைத்தாள். விரல் துள்ளியது, உடம்பு முழுசும் அவளிடம் திரும்பி வந்தது.

தலைகூட வாரவில்லை. நேராக ஸ்டுடியோவுக்கு ஓடினாள். ஒரு டேபிள் ஃபேனின் மோட்டாரை மரப்பெட்டி மேல் வைத்து ஓடவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்து, இரண்டையும் பதிவுசெய்து சேர்த்தாள். மிக்ஸிங் அண்ணன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள்.

அவர் கேட்டார். மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இதை நீ எங்க கேட்ட?"

"ஏன்ணே?"

"இது என் காதுக்குள்ள மட்டும் வர்ற சத்தம். காலேஜ் நாள்ல இருந்து வருது. ஆள் வந்து நிக்கும், அசைய முடியாது. பைத்தியம்னு நெனச்சிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

சத்தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பூட்டு, மூச்சு, சிமெண்ட் தரை, துண்டு என்று மூச்சு விடாமல் கொட்டினாள். கேட்கக் கேட்க அவர் தோள் இறங்கியது. முடிந்ததும் ஃபோனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் ஏன் லைட் போட்டே தூங்கறேன்னு கேப்பியே, அது என்னன்னா..." என்று ஆரம்பித்து, தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தார்.

"உங்களுக்குமா?" என்றது ஃபோன்.

அவர் வாய் திறப்பதற்குள் சத்தம் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நான்தான் பேசறேன். மொதல்ல இதைச் சொல்லுங்க, உங்களுக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"