வராதவளுக்கு ஒரு பங்கு

குருவி செய்தது தப்பு என்றால் அது சின்ன வார்த்தை. பூசை கண்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை எதுவும் கனவில்கூடச் செய்யாத காரியத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தனை பேர் கண்ணெதிரிலும், சிரத்தையாகச் செய்துவிட்டு வந்தாள். ஆனால் அவளைத் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறமும் திட்ட மனசு வந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

வாய் ஓயாது என்பதால் வீட்டில் வைத்த பெயர் குருவி. விடுதியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் வம்சத்திலேயே கோயிலுக்குள், அதாவது சர்ச்சுக்குள், கால் வைத்தவர் யாரும் கிடையாது. எலெக்ட்ரீஷியனான அவள் அப்பா இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் மதில்தான். "நல்ல உசரம். மணி அடிச்சா கேட்டைச் சாத்திடுறாங்க. சிஸ்டருங்க பாத்துக்கறாங்க. இதைவிட என்ன வேணும்?" என்று சொல்லி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, விடுதி வராண்டாவில் ஒரு ஸ்விட்ச் லூசாக இருந்ததையும் திருகிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

முதலாமாண்டு வாழ்க்கையைப் பற்றி வெளியே இருப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். உள்ளே இருப்பவருக்கு அது வழி தெரியாமல் முழிப்பதுதான். முதல் நாளே குருவி தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்தாள். எழுந்து வந்தால் எல்லாரும் சிரிப்பார்களே என்று, மூன்றாமாண்டு வேதியியலை ஒரு மணி நேரம் தலையாட்டிக் கேட்டுக் குறிப்பும் எடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் செபம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, வார்டன் சிஸ்டர் பார்த்த பார்வையில் தண்ணீர்கூட இறங்காமல் விக்கினாள். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று காப்பாற்றியவள் அவளுடைய அறைத்தோழி.

தோழிக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. எதைக் கேட்டாலும் பொறுமையாக விளக்குவாள், கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும், அடுத்தவர் நோட்டில் பிழை கண்டால் கை துறுதுறுக்கும். பஸ் டிரைவரின் கடைசி மகள். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து பூசை தவறாதவள். ஒரு ஞாயிறு குருவி வேடிக்கை பார்க்கக் கூடவே ஒட்டிக்கொண்டு போனபோது, எப்போது எழுந்திருக்கணும், எப்போது முழங்கால் போடணும் என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். பூசையின் பிற்பாதியில், எல்லாரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாகப் போய் ஃபாதர் கையிலிருந்து அப்பம் வாங்கும் நேரம் வந்தது. அதை அவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள். அதைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் டீச்சரம்மாவின் போன் அதிர்ந்தது. அவள் அப்பா. இருவரும் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். டீச்சரம்மா தூணோரம் போய்ப் பேசிவிட்டு வந்து, "சும்மா காய்ச்சலாம்" என்றாள். பாடம் அத்தோடு நின்றுபோனது.

மறுநாள் தர்க்கவியல் முதல் பரீட்சை. எழுதிவிட்டு மதியம் அவள் பஸ் ஏறினாள். பஸ் பாதி வழியில் இருக்கும்போதே அங்கே அப்பா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்த டீச்சரம்மா வேறொருத்தி. "பரீட்சையை எழுதிட்டு வான்னு அப்பாதான் சொன்னார்" என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். வார்டன் சிஸ்டர் அதை மாலைச் செபத்தில் எடுத்துச் சொல்லி, "எப்பேர்ப்பட்ட தகப்பன், பாருங்க பிள்ளைகளா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பரீட்சையில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து யாரோ கை கொடுக்க வந்தபோது, கழிப்பறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அழுகை மட்டும் வரவில்லை. பூசை நடக்கும் சேப்பல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒரு சனிக்கிழமை கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அத்தான் வர்றார். நான் போறேன்."

"எப்ப வருவ?"

"வரமாட்டேன். படிப்பு போதும்."

குருவி கெஞ்சினாள், கத்தினாள், தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். ம்ஹூம். சுவரோடு பேசலாம். இவள் போய்விட்டால் இந்த மதிலுக்குள் நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்பது குருவியின் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இப்படியே ஊருக்குப் போனால் இந்தப் பெண் அங்கே உயிரோடு புதைந்துபோவாள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது சரிதான்.

அதனால்தான் ஞாயிறு காலை தனியாகப் பூசைக்குப் போனாள். டீச்சரம்மாவின் சாமியிடமே நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு. அவள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த விசேஷத்துக்குப் போனாலும், அங்கே கொடுத்ததில் வராதவருக்கு ஒரு பங்கு மடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். தனியாகத் தின்றுவிட்டு வந்தால் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். வரிசை நகர்ந்தபோது குருவியும் நகர்ந்தாள். முன்னால் நின்றவள் கையை எப்படி ஏந்தினாளோ அப்படியே ஏந்தினாள். "கிறிஸ்துவின் உடல்" என்றார் ஃபாதர். முன்னவள் சொன்னபடி இவளும் "ஆமென்" என்றாள். உள்ளங்கையில் வட்டமாக, வெள்ளையாக, எடையே இல்லாமல் ஒரு அப்பம். தனக்குக் கிடைத்த பங்கை டீச்சரம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்று, துவைத்த கைக்குட்டையில் பத்திரமாகப் பொதிந்து எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தாள்.

"உனக்காக வாங்கிட்டு வந்தேன். உங்க சாமிதானே, வேண்டாம்னு சொல்லாத" என்று பிரித்து நீட்டினாள்.

டீச்சரம்மா ஒரு கணம் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவியது. அப்படியே கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் முழங்கால் போட்டுவிட்டாள்.

"அடிப்பாவி! என்னடி பண்ணிட்டு வந்திருக்க?"

குருவி கைக்குட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "திருடலடி. ஃபாதர்தான் குடுத்தார்."

"அது அப்பம் இல்லடி. எங்களுக்கு அது ஆண்டவரேதான். வாங்கினா அங்கேயே உட்கொள்ளணும். வெளிய கொண்டு வரவே கூடாது. ஞானஸ்நானம் வாங்காதவங்க தொடவே கூடாது."

"ஐயையோ. நீ சொல்லவே இல்லையே!"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு." சொல்லும்போதே அவள் முகம் கோணியது.

"சரி, இப்பவாவது நீ சாப்பிட்டுடு. யாருக்கும் தெரியாது."

"நான் சாப்பிட முடியாது." மெதுவாகச் சொன்னாள். "பெரிய பாவம் இருந்தா வாங்கக் கூடாது."

உனக்கென்ன பாவம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பிறவியிலேயே முதன்முறையாகக் குருவி வாயை மூடிக்கொண்டாள். நல்லவேளை.

மேசைமேல் வைக்க முடியாது, தூக்கிப் போடவும் முடியாது, தின்னவும் முடியாது. திரும்பக் கொண்டுபோய் ஃபாதரிடம் ஒப்படைப்பது ஒன்றுதான் வழி. தனியாக அனுப்பினால் இந்தப் பெண் போகிற வழியில் யாரிடமாவது வாயை விட்டு, பல்கலைக்கழகம் முழுக்கப் பற்றிக்கொள்ளும் என்று டீச்சரம்மாவுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். இத்தனை நாள் எட்டிப்பார்க்காத சேப்பல் படியை அப்படித்தான் அவள் ஏறினாள்.

பீடத்துக்குப் பின்னால் பூசை உடுப்புகள் வைக்கும் சின்ன அறையில் ஃபாதர் அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். முதலாமாண்டுக்குத் தர்க்கவியல் எடுப்பவரும் அவர்தான். முழங்கால் வலி, சிரிப்பு குறைவு, மதிப்பெண் அதைவிடக் குறைவு. கைக்குட்டையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"யார் வேலை இது?"

"நான்தான் கொண்டுவரச் சொன்னேன் ஃபாதர்" என்றாள் டீச்சரம்மா.

"பொய் ஃபாதர்! எனக்குத்தான் ஒண்ணும் தெரியாம..." குருவி முழுக்கதையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வீட்டுப் பழக்கம், அம்மா, விளக்குமாறு, தோழி பெட்டி கட்டியிருப்பது, எல்லாம். பல்கலைக்கழகத்தை விட்டு என்னை விலக்கிவிடாதீர்கள் என்று முடிக்கும்போது குரல் கம்மியது.

ஃபாதர் திட்டவில்லை. அப்பத்தை எடுத்துச் சிறிய வெள்ளித் தட்டில் வைத்தார். கைக்குட்டையைத் தன் கையாலேயே ஒரு கிண்ணத்தில் அலசி, அந்தத் தண்ணீரை வெளியே செடியின் வேரில் ஊற்றிவிட்டு வந்தார். நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"இதை நான் உட்கொள்ளலாம். இல்ல, நீ வாங்கிக்கலாம்."

"நான் தகுதியா இல்ல ஃபாதர்."

"அப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணு, செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கோ. அதுக்குத்தானே நான் இருக்கேன். நீ வெளிய போம்மா" என்று குருவியிடம் சொன்னார்.

குருவி நகர்ந்தாள். அவள் மணிக்கட்டை டீச்சரம்மா இறுகப் பிடித்திருந்தாள். "இவ இருக்கட்டும் ஃபாதர். தனியா என்னால சொல்ல முடியாது."

"அது முறை இல்லம்மா."

"இவ போனா நானும் போயிடுவேன்."

ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் குருவியிடம் சொன்னார்: "பாவசங்கீர்த்தனம் யார் காதுல விழுந்தாலும், அவங்க அதை வெளிய சொல்லக் கூடாது. உங்க அப்பா அம்மாகிட்டகூட. வாயைக் கட்டிக்க முடியுமா உன்னால?"

குருவி தலையை மட்டும் ஆட்டினாள்.

டீச்சரம்மா முழங்காலில் இருந்தபடி, குருவியின் கையை விடாமல் சொன்னாள். அப்பா பரீட்சை எழுதச் சொல்லவில்லை. 'முடிஞ்சா இன்னிக்கே வந்துடும்மா' என்றுதான் சொன்னார். எதற்கும் வா என்று சொல்லாத மனுஷன். நாளைக்குப் பரீட்சை இருக்கே அப்பா என்றாள் இவள். சரிம்மா என்று வைத்துவிட்டார். வீட்டில் போய் இறங்கியதும், ஏண்டி நேத்தே வரல என்று அக்கா கேட்டபோது வாயில் வந்தது அந்தப் பொய். செத்த மனுஷன் வாயில் சொல்லைத் திணித்து, அதற்கு ஊரே அவரைப் புகழும்படி செய்துவிட்டாள். அவர் கேட்ட ஒன்றே ஒன்றை, யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டாள்.

ஃபாதர் கையை உயர்த்தி மன்னிப்பின் செபத்தைச் சொன்னார். அபராதமாக ஒன்றே ஒன்று சொன்னார்: "யார்கிட்ட அந்தப் பொய்யைச் சொன்னியோ, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லு. உங்க அப்பா சொன்னதை அவருக்கே திருப்பிக் குடுத்துடு." தட்டிலிருந்து அப்பத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் அத்தான் வந்தார். அக்காவின் புருஷன், லாரி மெக்கானிக். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை. பார்வையாளர் அறை பெஞ்சின் விளிம்பில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வார்டன் சிஸ்டர் அவரைச் சும்மா விடுவாரா? "உங்க மாமனார் மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாதுங்க. அந்த நிலையிலயும் பிள்ளையைப் பரீட்சை எழுதச் சொல்லியிருக்காரே!"

"ஆமாங்க சிஸ்டர்" என்றார் அத்தான்.

"இல்ல சிஸ்டர்." வாசலில் நின்ற டீச்சரம்மாவின் குரல் உடைந்து வந்தது. "அப்பா அன்னிக்கே வரச் சொன்னார் அத்தான். நான்தான் வரல. நான் சொன்னது பொய்."

குருவி எதுவும் தெரியாதவள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் கோபப்படவில்லை. கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"மாமாவுக்குக் கை நடுங்குச்சு. போனை அவர் காதுல பிடிச்சுக்கிட்டிருந்ததே நான்தான்."

"அப்ப அக்காவுக்கு?"

"உங்க அக்காகிட்ட நீ வந்திறங்கின ராத்திரியே சொன்னேன். அம்மாவுக்கும் தெரியும். நீ வந்து அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். உங்க அம்மா எங்களை அடுப்படிக்குக் கூப்பிட்டு, 'அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே இருக்கட்டும். ஒரு சொல் மாறக் கூடாது. போனவர் போயிட்டார், இருக்கிறவளை நான் பாத்துக்கணும்'னாங்க."

அப்போதுதான் டீச்சரம்மா அழுதாள். அப்படி ஒரு அழுகையை அந்த அறை பார்த்திருக்காது. சிஸ்டர் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். அழுது முடித்து முகம் கழுவிய பிறகு, பெட்டி வேண்டாம், ஒரு மாற்றுத்துணி போதும், அம்மா மடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடுகிறேன் என்றாள். அத்தான் தலையாட்டினார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் குருவி பார்த்தாள்.

மூன்று பேருமாகக் கேட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் டீச்சரம்மா நின்றாள்.

"போனை வெச்சப்புறம் அப்பா என்ன சொன்னார் அத்தான்?"

அத்தான் தயங்கினார்.

"மறைக்காதீங்க."

"பெருசா ஒண்ணும் சொல்லலம்மா. நாளைக்கு எத்தனை மணிக்குப் பரீட்சைன்னு கேட்டார். எனக்குத் தெரியல. விடிஞ்சதும் திரும்பக் கேட்டார், ஆரம்பிச்சிருக்குமான்னு. அப்பவும் எனக்குச் சொல்லத் தெரியல."

டீச்சரம்மா அத்தானின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து மணிக்கு அத்தான்" என்றாள். "பத்து மணிக்குப்பா."